ஏழாவது கேள்வி

அடித்தளத்தின் கடைசிப் படியில் நின்றபடி பிளம்பர் சுவரைத் தட்டினார். கெட்டியான ஒலி எழுந்த இடத்தை விட்டுவிட்டு, உள்ளே வெற்றாக ஒலித்த இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைப்போல. இந்தப் பழக்கத்தால்தான் கட்டடம் முழுவதும் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர்.

"நோயாளி எப்படி இருக்கார் மாமா? தேறுவாரா?" என்று பின்னாலிருந்து கேட்டான் மைத்துனன். டாக்டரின் மனைவிக்குத் தம்பி, நாற்பதைத் தொட்டவன். பதினோரு ஆண்டுகளாக அவர் குழாயின் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையைப் பிடித்தவன்.

"நோயாளி தேறிடுவார். நாம தேறணுமே மாப்ளே. அங்க பாரு."

டார்ச் வெளிச்சம் தண்ணீரின்மேல் விழுந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர். வெடித்த குழாயிலிருந்து இரவெல்லாம் வழிந்து தேங்கியது. அதற்கடியில், மோட்டாருக்குச் செல்லும் வயரில் கறுப்பு டேப் சுற்றிய ஓர் ஒட்டு. டேப்பின் நுனி பிரிந்து நீரில் மிதந்து ஆடிக்கொண்டிருந்தது.

"மெயினை இறக்காம கால் வைக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

இருவரும் மேலே வந்தார்கள். பழுதுபார்க்கப்பட்டுவரும் அந்த நான்கு மாடிக் கட்டடத்திற்கு ஒரே மெயின் சுவிட்ச். லிஃப்ட்டும் அதில்தான், மோட்டாரும் அதில்தான். நுழைவாயிலை ஒட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருந்த கைப்பிடியை டாக்டர் கீழே இழுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு அணைந்தது. பெட்டிக் கதவில் பூட்டு மாட்டுவதற்கென்றே ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தில் அவர் தம் சாப்பாட்டுப் பையை மாட்டினார். மனைவி பழைய திரைச்சீலையில் தைத்துக் கொடுத்த நீலப் பை. காது இரண்டும் இரட்டைத் தையல். பை தொங்கினால் டாக்டர் தண்ணீரில் நிற்கிறார் என்று பொருள். தச்சருக்கும் தெரியும், வர்ணம் பூசுவோருக்கும் தெரியும், தரை கூட்டும் பெண்ணுக்கும் தெரியும். மூன்று மாதங்களாக அவர் பூட்டுக் கேட்டார். பூட்டு வரவில்லை, தாள் வந்தது.

அந்தத் தாளோடுதான் சூப்பர்வைசர் வந்தார். வேலை தொடங்கும் முன் ஆபத்துகளைச் சோதித்ததற்கான தாள். பத்துக் கேள்விகள், பத்துக் கட்டங்கள், பத்திலும் 'சரி' என்ற குறிகள். குறிகளும் சேர்ந்தே நகலெடுக்கப்பட்டிருந்தன. மையால் எழுத வேண்டியவை தேதியும் 'சோதித்தவர்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் மட்டுமே.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ஏழாவது. 'மெயின் அணைத்துப் பூட்டப்பட்டதா?' சரின்னு போட்டிருக்கு. பூட்டு எங்க சார்?"

"சொல்லி வச்சிருக்கேன், வரும்."

"மூணு மாசமா வருது. கோழிகூட இருபத்தோரு நாள்ல குஞ்சு பொரிச்சுடுது சார்."

மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டான். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

"இந்த 'சரி'யை அடிச்சுட்டு 'பூட்டு இல்லை'ன்னு எழுதிடறேன். அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"அடிச்சு எழுதின தாளை ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. பதினோரு மணிக்கு முதலாளி வர்றார். அதுக்குள்ள ஒழுக்கு நிக்கலைன்னா நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம். கேட்டுக்கு வெளிய ரெஞ்சும் கையுமா எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு போய் எண்ணிப் பாருங்க."

டாக்டர் பேனாவை மூடினார். மைத்துனன் கை நீட்டினான். "விடுங்க மாமா. பைதான் தொங்குதே. கொடுங்க சார், நான் போடறேன்."

"படிச்சுட்டுப் போடு" என்றார் டாக்டர்.

"தினம் பாக்கிற தாள்தானே." அவன் படிக்காமல் கையெழுத்திட்டான்.

பத்தே முக்காலுக்கு, குழாயின் வெடித்த பகுதியை அறுத்தெடுத்தாயிற்று. பழைய குழாயின் அளவுக்கு, கொண்டுவந்த இணைப்புத் துண்டு பொருந்தவில்லை. "ஸ்டோர்ல பெரிசு ஒண்ணு கிடக்கும், ஓடிப் பாரு" என்று டாக்டர் அனுப்பினார். தண்ணீரில் மண்டியிட்டபடி, குழாயின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டோரில் இணைப்பு கிடைத்தது. அதைக் கையில் எடுத்த கணத்தில் மைத்துனனின் தலைக்குமேல் குழல் விளக்கு இருமுறை துடித்து எரிந்தது. லிஃப்ட் ஏறும் ஓசை கேட்டது. அவன் நுழைவாயிலைப் பார்த்தான். வளையத்தில் பை இல்லை.

"மாமா" என்று கத்திக்கொண்டே படிகளில் இறங்கினான். பாதிப் படியில் நின்றான். டாக்டர் குப்புறக் கிடந்தார். விரல்கள் மட்டும் நீரில் அதிர்ந்துகொண்டிருந்தன. இறங்கினால் இரண்டு பிணம். திரும்பி ஓடினான், கைப்பிடியை இழுத்தான், மீண்டும் இறங்கி ஓடினான். தூக்கிப் படியில் கிடத்தியபோது டாக்டரின் கையில் அந்தத் துணி இருந்தது. பிரித்தெடுக்க முடியவில்லை.

பிணவறை வாசலில் அக்கா கேட்டாள். "எல்லாம் பாத்தாச்சுன்னு நீதான் கையெழுத்துப் போட்டியாமே?"

"பை இருந்துச்சுக்கா."

"எங்க?"

 பூட்டாத மெயினைப் பூட்டியதாகத் தம்பி எழுதிக் கொடுத்தான் என்று அதற்குள் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றும் மறுநாளும் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். கட்டட வாசலில் தரை கூட்டும் பெண் அவனை நிறுத்தினாள். முந்தானைக்குள்ளிருந்து நீலப் பையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே டப்பா கனத்தது. திறக்காத சோறு.

"நான்தான் கழட்டினேன் அண்ணே. வாசல்ல பை தொங்குது, முதலாளி கண்ணுல படும், எடுன்னார் சூப்பர்வைசர். கீழ ஆள் இருக்குன்னு சொன்னேன். முதலாளி லிஃப்ட்ல ஒரு தடவ ஏறட்டும், ரெண்டு நிமிஷத்துல இறக்கிடறேன்னு அவரே மெயினைப் போட்டார்."

"இதை உள்ள வந்து சொல்லு. எங்க அக்காவுக்காகவாவது சொல்லு."

"என் கூலியில நாலு வயிறு இருக்கு அண்ணே." அவள் துடைப்பத்தைப் பார்த்தபடி சொன்னாள். "பையை வச்சுக்கோங்க. எழுத்துல மட்டும் என்னை இழுக்காதீங்க."

விசாரணை அதிகாரி தாளை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா பூட்டே கிடையாது. பையைத்தான் மாட்டுவோம். இந்தப் பை."

"பூட்டு எப்பவும் இருக்கு சார்" என்றார் சூப்பர்வைசர். "இவங்க சோம்பேறித்தனமா மாட்டாம விட்டதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்? வாங்க, காட்டறேன்."

இரும்புப் பெட்டியின் வளையத்தில் ஒரு பூட்டுத் தொங்கியது. பித்தளை, ஒரு கீறல்கூட இல்லை. அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது, கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சாவி?" என்று மைத்துனன் கேட்டான்.

"முதலாளி ரூம்ல பத்திரமா இருக்கு."

அதிகாரி குறிப்பேட்டில் 'பூட்டு உண்டு' என்று எழுதினார். படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார். மைத்துனன் முன்னால் போய், நீலப் பையின் இரண்டு காதுகளையும் அந்தப் பூட்டின்மேல் மாட்டிவிட்டு விலகி நின்றான்.

"பை மறைக்குது" என்றார் அதிகாரி.

சூப்பர்வைசர் தரை கூட்டும் பெண்ணைப் பார்த்தார். "ஏம்மா, அதை எடு."

அவள் துடைப்பத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை. "உன்னைத்தாம்மா" என்றார். அப்போதும் நகரவில்லை. முடிவில் அவரே பையைக் கழற்றி, படம் எடுத்து முடியும்வரை, தம் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.