இரண்டு இடத்தில் மாறி வருகிறவன்

"நேரா வர்ற பிளைட்டே இல்லையாம்மா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அப்பா கேட்டபோது அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சீட் இல்லப்பா. ரெண்டு எடத்துல மாறி வரான்."

"டவுன் பஸ் மாதிரி."

"ஆமா, டவுன் பஸ் மாதிரிதான்."

அப்பா லாரி ஓட்டியவர். வளைவும் மேடும் இல்லாத வானத்தில் எதற்கு இவ்வளவு நேரம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அவளோ விமான டிக்கெட் போட்டுத் தரும் கடையில் தலைமுடி நரைக்க உட்கார்ந்திருப்பவள். இரண்டு விமான நிலையங்களின் பெயரைச் சொன்னால் தூக்கத்தில்கூடத் தூரம் சொல்வாள். தம்பி இருக்கும் ஊர் ஐயாயிரம் கிலோமீட்டர். நேர் விமானத்தில் ஏழு மணி நேரம்கூட ஆகாது. சீட்டும் இருந்தது. ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை.

"எங்கிட்ட பேப்பர் எதுவும் இல்லன்னு உனக்குத் தெரியும்லக்கா. கெளம்பினா அதோட சரி, திரும்ப உள்ள விடமாட்டான். ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்று போனில் அழுதான். அவளுக்குத் திட்ட ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அது நேற்றுக் காலை. ராத்திரி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதும் நேற்றுதான். அப்பா கண்ணைத் திறந்து, "சொல்லிட்டியா அவனுக்கு?" என்றார். "கெளம்பிட்டான்பா" என்றாள். எப்போது வருவான் என்று கேட்டார். வாடிக்கையாளர்களுக்கு அவள் இருப்பதிலேயே குறைந்த நேரத்தைத் தேடித் தருவாள். அப்பாவுக்கு அதிக நேரத்தைத் தேடினாள். ஓர் ஊரில் பகல் முழுக்கக் காத்திருப்பு, இன்னோர் ஊரில் ராத்திரி முழுக்க. நாளை மதியம்தான் இறங்குவான் என்றாள். அதற்குள் அப்பா போய்விடுவார். நினைக்கவே கூசியது, ஆனால் போட்ட கணக்கு அதுதான்.

அப்பா போகவில்லை. விடிந்ததும் அரை டம்ளர் பால் குடித்தார். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார். முகம் மழிக்க ஆள் கூப்பிடச் சொன்னார்.

"என்ன தாத்தா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் நர்ஸ்.

"எம் பையன் வர்றான் சிஸ்டர். இந்த மூஞ்சியப் பாத்தா வந்த பிளைட்லயே திரும்பிப் போயிருவான்."

டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா குடுத்தீங்க?" என்று அவளிடம் சிரித்தார். அவள் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினாள்.

மதியம் ஆனது. அப்பா கண்ணை மூடவே இல்லை.

"இந்நேரம் எறங்கியிருப்பானா?"

விமானம் தாமதம் என்று எத்தனையோ பேரிடம் கூசாமல் சொன்ன வாய். மழித்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

"எறங்கியிருப்பான்பா."

"பெட்டி எடுக்க நேரமாகும்."

"ம்."

"நீ வெளியில போய் நில்லு. அவனுக்கு எந்த வார்டுன்னு தெரியாது, முழிச்சுக்கிட்டு நிப்பான்."

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். தம்பியின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். என்ன கேட்கப் போகிறோம் என்று தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் கால்களை இரண்டு கைகளாலும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். பிறகு ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் போர்வையைத் தடவி நீவிவிட்டார்.