நான்கு மணிக் கப்பலும் நகராத மவுஸும்

மணி மூன்று இருபது. நான்கு மணிக்குள் சுங்கத்துறை இணையதளத்தில் ஏற்றுமதிப் பத்திரம் பதிவாகாவிட்டால், உடன்குடிக் கருப்பட்டி ஏற்றிய கண்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டாது. அடுத்த கப்பல் பத்து நாள் கழித்துத்தான். சித்திரை வெயிலில் அதுவரை நின்றால் கருப்பட்டி பாகாகிவிடும்.

ஏற்றுமதி முகவர் பாஷ்யத்துக்கு இவ்வளவும் தெரியும். திரையில் அம்புக்குறி ஏன் அசையவில்லை என்பது மட்டும் தெரியவில்லை. காலையில்தான் கணினி பழுதுபார்க்கும் ரெக்ஸ் வந்து புதிய இயங்குதளத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். பதினோரு வருடம் முணுமுணுக்காமல் உழைத்த பழையதை எடுக்கச் சம்மதித்த தம் புத்தியையே அவர் நொந்துகொண்டார்.

"ஓடிண்டிருந்ததை ஏண்டாப்பா கெடுத்தே?" என்றார் அலைபேசியில்.

"போறப்ப ஓட்டிக் காட்டினேனே சார். மவுஸைக் கழட்டி வேற ஓட்டையில சொருகிப் பாருங்க."

சொருகினார். கணினியை அணைத்துப் போட்டார். மவுஸை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவும் வித்தையை ரெக்ஸ் சொல்லச் சொல்ல, விசைப்பலகையைத் தடவித் தடவியே செய்து முடித்தார். அம்புக்குறி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

எதிரே கருப்பட்டிக்குச் சொந்தக்காரரான அய்யாக்குட்டி அண்ணாச்சி, முள்மேல் உட்கார்ந்ததுபோல் நெளிந்துகொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் சாமி. எல்லா ஏஜென்ட் ஆபீஸ்லயும் இப்படித்தானா, இல்ல இங்கன மட்டுமா?"

"அண்ணாச்சி, செத்தப் பேசாம இருங்கோ."

"நான் பேசல. கப்பல் ஹாரன் அடிச்சா அது பேசும்."

"சார், அடியில சிவப்பு லைட் எரியுதா பாருங்க" என்றான் ரெக்ஸ்.

பாஷ்யம் மவுஸைப் புரட்டினார். நாமம் தரித்த நெற்றி சுருங்கியது. ஒளி வரவேண்டிய துளையை அடைத்துக்கொண்டு மூன்று பட்டையாக விபூதி. நடுவில் சந்தனப் பொட்டு வேறு. யார் கைவேலை என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"செந்தூர் பிரசாதம். நீங்க சாப்பிடப் போயிருந்தியள்லா, அப்பம் வந்தேன். புது சிஸ்டம்னாவ. நம்ம சரக்கு நல்லபடியாப் போவணும்லா. மேல பூசினா நீங்க தொடச்சிருவிய. அதான் அடியில."

"அந்தப் பையனை நான் என்னவெல்லாம் பேசிட்டேன்."

"லைன்லதான் இருக்கேன் சார்" என்றது அலைபேசி.

கைக்குட்டையைக் குடிநீரில் நனைத்துத் துளையைத் துடைத்தார். அம்புக்குறி கட்டவிழ்ந்த கன்றுபோல் ஓடியது. மூன்று ஐம்பத்தேழுக்குப் பத்திரத்தின் பதிவு எண் திரையில் வந்தது. அண்ணாச்சி கைகூப்பினார்.

"பாத்தியளா சாமி, முருகன் கைவிடல."

பாஷ்யத்துக்குப் பதில் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் விபூதி அப்பிய கைக்குட்டையை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. குப்பையில் போடவும் மனம் துணியவில்லை. இரண்டு விரலால் நீட்டினார். அண்ணாச்சி அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அடுத்த கப்பலுக்கு இன்னொரு கண்டெய்னர் வருது. உங்ககிட்டதான்."

"வரட்டும்" என்றார் பாஷ்யம். "அன்னிக்குச் சாப்பாட்டைக் கையிலேயே கட்டிண்டு வந்துடறேன்."