மாசாவோவின் தீவு மருமகள்

லியோனிசா பிறந்தது லிமசாவாத் தீவில். வாக்கப்பட்டது புட்டுவானில் ஆறு கடலில் கலக்கும் மாசாவோவில். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் மகெல்லனோடு கப்பலில் வந்த பாதிரியார் இந்த நாட்டின் முதல் பூசையை எங்கே வைத்தார் என்பதில் இரண்டு ஊருக்கும் ஓயாத தகராறு. எங்கள் தீவில்தான் என்பார்கள் அவர்கள். எங்கள் கரையில்தான் என்பார்கள் இவர்கள். அரசாங்கம் தீவின் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு மாசாவோவில் கொதிப்பு இன்னும் கூடியது. அங்கே அந்த உரிமைக்காகப் போராட ஆரம்பித்த ஊர்க்குழுவுக்குத் தலைவர் அவள் மாமனார் பொலிகார்போ.

ஒருநாள் சாப்பிடும்போது பேச்சு அதில் வந்து நின்றது. அவள் சும்மா இருந்திருக்கலாம்.

"சின்னப் பிள்ளையில எங்க ஊர்ல யாரும் அந்தப் பூசையப் பத்திப் பேசிக் கேட்டதில்ல மாமா. டீச்சர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்" என்று சிரித்தாள்.

பொலிகார்போ கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தார். "இதையே கோயில்ல வந்து சொல்லும்மா."

மார்ச் கடைசியில் முதல் பூசையின் நினைவு நாள். அன்று அவள் பேசப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாட்டேன் என்று கணவன் டாண்டோயிடம் சொல்லிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு தீவுக்கு வக்காலத்தா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தான்.

தீவிலிருந்து அம்மா பசிலிசா போன் செய்தாள். "அப்படிப் பேசிட்டு எங்க படகுத்துறையில இறங்கிராத. இந்த வருஷம் முதல் பூசை நாடகத்துல உன் அண்ணன்தான் ராசா வேஷம் கட்டுறான். நான் எப்படி வெளிய தலகாட்டுறது?"

"நான் சொன்னது பொய்யாம்மா?"

"பொய்யா மெய்யான்னு இங்க யாரு கேட்டா?"

நினைவு நாளன்று காலை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். மாமியார் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைக் கவுனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். கோயிலில் முன்வரிசை. ஒரு பக்கம் மாமனார், மறுபக்கம் டாண்டோய். பின்னால் வாசல்வரை கூட்டம் அடைத்து நின்றது. எழுந்து போக வழியில்லை.

பூசை முடிந்ததும் மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"நான் பிறந்த ஊர்ல பெரியவங்க யாரும் அந்தப் பூசையப் பத்திச் சொல்லி நான் கேட்டதில்ல."

கைத்தட்டல் கூரையில் மோதியது. பொலிகார்போ கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. வாய் தானாகத் தொடர்ந்தது.

"இங்க வாக்கப்பட்டு வந்த புதுசுலயும் யாரும் சொல்லிக் கேட்டதில்ல. மாமாகூடச் சொன்னதில்ல. குழு ஆரம்பிச்ச பிறகுதான் எல்லாரும் பேசுனாங்க."

யாரோ அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் யாரும் திட்டவில்லை. பொலிகார்போ தன் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ச் சாப்பிட்டார்.

"ரெண்டாவதா சொன்னது எதுக்குடி?" என்றான் டாண்டோய்.

"முதல்ல சொன்னது எதுக்கோ அதுக்குத்தான்."

அவள் பேசியதைப் படம்பிடித்தவன் கைத்தட்டலோடு வெட்டித்தான் ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தான். தீவுக்குப் போனது அந்தப் பாதி மட்டும். 'வராதே' என்று அண்ணன் செய்தி அனுப்பினான். முழுசாகச் சொல்லிவிடலாம் என்று அம்மாவை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தபோது அணைத்து வைத்திருந்தார்கள்.

புனித வாரத்துக்கு வருஷம் தவறாமல் தாய்வீடு போகிறவள், அந்த முறை மாசாவோவிலேயே இருந்தாள். பெரிய வெள்ளியன்று பொலிகார்போ உள்ளே வந்து பழையபடி மேசையில் உட்கார்ந்தார். அவள் சோறு வைத்தாள்.

"போனது போகட்டும்" என்றார், தணிவாக. "அடுத்த வருஷம் முதல் வரியோட நிறுத்திக்கம்மா."

டாண்டோய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி மாமா" என்றாள் லியோனிசா. அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.