ராயல் இல்லாத ஞாயிறு

ராயல் ப்ரூவிட்டின் கணுக்கால் உடைந்த மறுநாள் எங்கள் ஊர் இழவு வீடு மாதிரி இருந்தது. பூசையில் பாதிரியார் அவன் காலுக்காக ஜெபித்தார். கறிக்கடைக்காரர் எனக்கு சாசேஜ் பொட்டலம் கட்டிக்கொண்டே, "எல்லாம் போச்சு, ஸ்டாஸ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் எதிரே குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன். மைதானத்தில் இறங்குவது பதினோரு பேர். உடைந்தது ஒருவன் கால்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நாங்கள் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து; ராயல் எங்கள் அணியின் குவார்ட்டர்பேக். பந்து அவன் கைக்கு வந்து, அவன் எறிந்தால்தான் எங்களுக்கு விடிவு. ஆனால் அந்தப் பந்தை அவன் கையில் கொடுப்பவன் நான். குனிந்து, கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்துவிட்டு, என்னைவிடக் கனமான ஒருவனை நெஞ்சில் வாங்கிக்கொள்வது என் பிழைப்பு. என் மூக்கு இரண்டு முறை உடைந்திருக்கிறது. அதற்கு ஒரு பாதிரியாரும் ஜெபிக்கவில்லை.

அதற்காக ராயலைத் திட்டவும் மனசு வராது. அலபாமாக்காரன், குளிர் ஆகாது. போன கிறிஸ்துமஸுக்கு அவனைக் காக்கும் எங்கள் ஐந்து பேருக்கும், உறைந்த ஏரியில் உட்கார்ந்து மீன் பிடிக்க ஆளுக்கொரு கூடாரம் வாங்கித் தந்தான். தானும் வந்து பல் கிடுகிடுக்க நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். ஒரு மீன் கூடப் பிடிக்கவில்லை. அன்று நாங்கள் சிரித்த மாதிரி எப்போதும் சிரித்ததில்லை.

அவன் இடத்துக்கு வந்தவன் லீலண்ட் ஓம்ஸ்டட். பல வருடமாக மாற்று ஆளாகவே காலம் தள்ளியவன். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பான். அவன் மனைவி கோரின் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. வந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டமோ, தோற்றால் வெளியே என்கிற ஆட்டம். அடுத்த வருடம் யாராவது சின்னப் பையனைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று அவனுக்கே தெரியும். இதை விட்டால் அவனுக்கு வேறு ஆட்டம் கிடையாது. தோற்றால் இந்த ஊரில் அவன் பெயர் ஒரு வசவாகவே நின்றுவிடும். எங்கள் ஊர் லேசில் மறக்காது.

"அண்ணே, நான் ஏதாச்சும் தப்பா பண்ணா சொல்லிருங்க" என்றான் பயிற்சியில்.

"சத்தமா சொல்லுடா. லைப்ரரில புக்கு கேக்கற மாதிரி சொன்னா எவனுக்குக் கேக்கும்?"

குரல்தான் சங்கதி. நாங்கள் ஐந்து பேரும் சிலை மாதிரி குனிந்து நிற்க வேண்டும். குவார்ட்டர்பேக் 'ஹட்' என்று சொன்ன பிறகே அசையலாம். முன்னாடியே துடித்தால் ஐந்து கஜம் பின்னால் போ என்று நடுவர் கொடியை வீசிவிடுவார். ராயல் அந்தச் சொல்லை இழுத்து, ஆற அமரச் சொல்வான். லீலண்ட் மாத்திரை விழுங்குவது போல வெடுக்கென்று முடித்துவிடுவான். ஒன்பது வருடமாக ஒரே குரலைக் கேட்ட உடம்பு ஒரு வாரத்தில் மாறுமா?

இன்னொன்றும் இருந்தது. பந்து எங்களிடம் இருக்கும்போது சொந்த ஊர்க் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும், குரல் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று. அது வழக்கம். லீலண்டுக்கு அந்த மரியாதையை யாரும் தரவில்லை. முதல் பந்திலிருந்தே முணுமுணுப்பு, பெருமூச்சு, ஊளை.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில்தான் அந்தக் கூத்து நடந்தது. நாங்கள் குனிந்திருக்கிறோம். லீலண்ட் இன்னும் வாயே திறக்கவில்லை. ஓரத்தில் ஊன்றுகோலோடு நின்ற ராயல், பாசம் தாங்காமல், "விட்டுடாத லீலண்ட்" என்று இழுத்துக் கத்தினான். நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகப் பாய்ந்தோம். பந்து தரையிலேயே கிடந்தது.

கொடி பறந்தது. எதிரணித் தடியன் என்னைப் பார்த்து, "யாருடா கூப்ட்டது, உங்கப்பாவா?" என்று சிரித்தான்.

நேராக ராயலிடம் போனேன். "வாய மூடிக்கிட்டு இருக்கியா?"

"தைரியம்தான சொன்னேன், பெருசு."

"உன் சத்தம் கேட்டா எங்க காலு தானா கெளம்புது. நீ கத்திக்கிட்டே இருந்தா அவன் பேச்சு எங்க காதுல எப்படிடா ஏறும்?"

அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் முடியாது.

லீலண்ட் விழுந்து எழுந்து, சின்னச் சின்னதாக எறிந்து, கடைசி நிமிடத்தில் எங்களை எதிரணியின் கோட்டு வாசல் வரை கொண்டுவந்துவிட்டான். நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம்; பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டினால் ஆறு. இன்னும் ஒரே ஒரு கஜம், ஒரே ஒரு வாய்ப்பு. அசந்து துடித்து ஐந்து கஜம் பின்னால் போனால் கதை முடிந்தது. கூட்டமோ பயத்தில் அலறியது.

"அண்ணே, என் சத்தம் கேக்குதா?" உதடு அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

"கேக்கல." பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அப்போது ஓரத்தில் ராயல் ஊன்றுகோல்களைக் கீழே போட்டான். ஒற்றைக் காலில் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் மெல்லத் தாழ்த்தினான். வாயைத் திறக்கவில்லை. முன்வரிசை அடங்கியது. பிறகு அடுத்தது, அதற்கும் மேலே. தனக்காக அவன் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. எழுபதாயிரம் பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். கொடிக்கம்பத்துக் கயிறு காற்றில் தட்டுவது கேட்டது.

"ஹட்" என்றான் லீலண்ட். சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. பந்தைக் கொடுத்தேன், முட்டித் தள்ளினேன். அவன் பந்தோடு என் முதுகு மேலேயே ஏறி, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே, மிதிச்சிட்டேன்" என்றான் காதருகே. பாவி மகன்.

ஊரே லீலண்ட் பெயரைச் சொல்லிக் கூவியது. எல்லோரும் அவன் மேல் போய் விழுந்தார்கள். நான் ராயலைத் தேடினேன். எழுந்து நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. வெற்றி நாளில் அவனைத் தனியாக நான் பார்த்ததே கிடையாது.

"நான் இல்லாமயே ஜெயிச்சிட்டீங்க, பெருசு."

நீ இல்லாமலா என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொள்வான். "ஜெயிச்சிட்டோம்" என்றேன்.

"சந்தோஷமாத்தான் இருக்கு. கொஞ்சம் வலிக்கவும் செய்யுது."

"கால்லயா?"

"கால்ல இல்ல."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவன் முன்னால் திரும்பிக் குனிந்தேன்.

"ஏறு" என்றேன். "அங்க லீலண்ட் உன்னத்தான் தேடிக்கிட்டிருக்கான்."