தெக்லா லாட்ஜ் எதிர் சிவந்தமுனை பேரூராட்சி

சிவந்தமுனையில், பேரூராட்சிப் பதிவேட்டில் எழுதியிருக்கும் நிலம், அடியில் மண் போன பிறகும் மேலே இருக்கும். ஊர் ஒரு செம்மண் மேட்டின்மேல் இருக்கிறது. மேட்டின் கிழக்கு முகம் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. ஒவ்வோர் ஐப்பசியிலும் கடல் அந்த முகத்தில் ஏழெட்டு அடியைத் தின்றுவிடும். ஆனால் பதிவேட்டில் யாரும் கை வைப்பதில்லை. அதனால் மண் போன இடத்திலும் ஜனங்கள் நடந்தார்கள், துணி காயப்போட்டார்கள். கோழிகளுக்கு அங்கே கிளற ஒன்றும் அகப்படாது. ஆனாலும் கிளறின. குனிந்து பார்த்தால் அறுபதடி கீழே நுரை தெரியும். குனிந்து பார்க்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை.

தெக்லா லாட்ஜில் ஏழு அறைகள், சாலையிலிருந்து கடலைப் பார்த்து ஒரே வரிசையாக. முதல் நான்கும் மண்மேல் இருந்தன. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் நான்கு வருஷமாகப் பதிவேட்டின்மேல் இருந்தன. கருவாட்டு வியாபாரிகளும், மருந்துக் கம்பெனிக்காரர்களும், கோவில் நேர்ச்சைக்கு வருகிற குடும்பங்களும் அங்கே தங்கினார்கள். லாட்ஜை நடத்திய தெக்லாவுக்கு ஐம்பத்தொரு வயது. சாவி கொடுப்பதும், போர்வை உதறுவதும், தண்ணீர் மோட்டார் போடுவதும் அவள்தான்.

ஏழாம் நம்பரில் தனிஸ்லாஸ் இருந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு இரண்டு நாள் தங்கிப் போகலாமென்று வந்தார். ஒன்பது வருஷமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே எந்தக் கப்பல் போகிறதென்று சொல்லுவார். தினமும் மாலை ஐந்து மணிக்குத் தெக்லா பால் விடாத கட்டன் டீ கொண்டுபோய்க் கதவைத் தட்டுவாள். அன்று போன கப்பல்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். வேறெதையும் பேசிக்கொண்டதில்லை.

பதிவேட்டில் தாள் தின்னும் ராமபாணப் பூச்சி விழுந்த வருஷம்தான் சிரமம் ஆரம்பித்தது.

முதலில், கொல்லையில் துணி துவைக்கும் கல் போயிற்று. கல் இருந்த இடத்தில் ஒரு முழத்துக்கு ஓட்டை. அதற்கடுத்த வாரம், பல் விளக்கிக்கொண்டிருந்த கருவாட்டு வியாபாரி ஒருவர் இடுப்புவரை உள்ளே போய்விட்டார். தெக்லாவும் தனிஸ்லாஸும் ஆளுக்கொரு அக்குளைப் பிடித்து மேலே தூக்கினார்கள். அவர் வாய் கொப்பளித்துவிட்டு, இட்லி ஆகிவிட்டதா என்று கேட்டார். இடது கால் செருப்பு மட்டும் கடலோடு போயிற்று.

மூன்றாவது ஓட்டை ஏழாம் நம்பர் அறைக்குள் விழுந்தது. தனிஸ்லாஸின் கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் ஒரு கால் அதற்குள் இறங்கி, கட்டில் சாய்ந்துவிட்டது. தெக்லா டீயோடு போனபோது அவர் சாய்ந்த கட்டிலிலேயே சாய்வாகப் படுத்திருந்தார்.

"காத்து நல்லா வருது தெக்லாம்மா" என்றார்.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு பலகை கொண்டுவந்து ஓட்டையை மூடினாள். பலகையின்மேல் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். செயல் அலுவலர் மரியாதையானவர். நாற்காலி போடச் சொல்லி, பதிவேட்டை எடுத்து லாட்ஜ் இருந்த பக்கத்தைப் பிரித்தார். அந்தத் தாளில் பூச்சி தின்ற மூன்று ஓட்டைகள். அவற்றின் வழியே உப்புக்காற்று வந்து மேஜையிலிருந்த கடிதங்களைக் கிளப்பியது. அவர் எல்லாவற்றின்மேலும் கண்ணாடிக் குண்டை எடுத்து வைத்தார்.

"பாருங்கம்மா. உங்க பின்சுவத்துலேருந்து கரை நுனி நூத்திப் பன்னெண்டு அடி. அரிப்புன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"எழுதல சார். ஓட்டை இருக்குல்லா?"

"ஓட்டைய எழுத இதுல கட்டம் இல்லம்மா."

"அடியில ஒரு தடுப்புச் சுவர் கட்டித் தாங்க. இல்லன்னா, நோட்டுக்குள்ள ரெண்டு வேப்பிலையாவது வச்சு மூடுங்க."

இரண்டையும் அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அந்தத் தாளைப் பதிவேட்டுக்குள் வைத்து மூடினார். பூச்சி அதையும் தின்றது.

ஏழு மனு கொடுத்தாள். நாலாவது ஓட்டை தனிஸ்லாஸின் அலமாரிக்கு அடியில் விழுந்ததும், ஐந்தையும் ஆறையும் ஆளில்லாமல் பூட்டிவிட்டு, தாலுகா ஊருக்குப் போய் வக்கீல் பிச்சையாவைப் பார்த்தாள். கரை அரிப்பைத் தடுக்காமல் விட்ட பேரூராட்சியின்மேல் லாட்ஜ் சார்பில் வழக்குப் போட வேண்டும் என்றாள்.

பிச்சையா மெதுவாகப் பேசுகிறவர். "ஜெயிக்கிற கேஸ்தாம்மா. ஆனா ஒண்ணு இருக்கு. கரை அரிச்சுப்போச்சுன்னு நிரூபிச்சாத்தான் சுவர் கிடைக்கும். நிரூபிச்சுட்டா நீதிமன்றம் பதிவேட்டத் திருத்தச் சொல்லும். திருத்திட்டா..."

"ரூம் விழுந்துரும்."

"மூணும் விழும். தோத்தோம்னா நிக்கும். பூச்சி விட்டுவைக்கிற வரைக்கும்."

தெக்லா, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

தனிஸ்லாஸிடம் அன்று மாலையே சொன்னாள். ரெண்டாம் நம்பர் அறையைச் சுண்ணாம்படித்து வைத்திருப்பதாகவும், நாளைக்கே மாறிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அவர் டீயைக் கடைசி மடக்குவரை குடித்தார்.

"கேஸ் நடக்கட்டும். நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருவரும் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. ஓட்டைகள் பதினொன்றாயின. தனிஸ்லாஸ் அவற்றுக்கிடையில் நடக்கும் வழியைச் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டு வைத்திருந்தார். டீ கொண்டுவருகிறவள் அந்தக் கோட்டின்மேல்தான் நடந்து வர வேண்டும்.

விசாரணை நாளன்று தெக்லா சாட்சிக் கூண்டில் ஏறினாள். பேரூராட்சியின் வக்கீல் இளைஞர். பதிவேட்டை உயர்த்திக் காட்டினார்.

"நிலமே இல்லன்னு சொல்றீங்க. ஏழாம் நம்பர்ல ஒருத்தர் குடியிருக்காரா இல்லையா?"

"இருக்காரு."

"நிலம் இல்லாத எடத்துல மனுஷன் குடியிருக்க முடியுமா?"

"முடியுது சார். மண் போயி நாலு வருஷமா இருக்காரு."

"அப்ப உங்களுக்கு என்னதான் ஆபத்து?"

தெக்லா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு நிக்கிறது உங்க தாளுமேல சார். தாளப் பூச்சி திங்குது. தெனமும் அஞ்சு மணிக்கு டீ கொண்டுபோய்க் கதவத் தட்டுவேன். உள்ள இருந்து 'வாங்க'ன்னு சத்தம் வர்ற வரைக்கும் நான் மூச்சு விடுறதில்ல. எட்டு மாசமா இப்படித்தான். எனக்கு அந்த அறை வேண்டாம். அறை போகட்டும்."

இளைஞர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி அம்மா பதிவேட்டை வாங்கிப் பிரித்தார். பெரிய ஓட்டை ஒன்றில் சுட்டுவிரலை விட்டு எடுத்தார். விரல் நனைந்திருந்தது. அங்கியில் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"கரை அரிச்சிருக்கு. பேரூராட்சி மூணு மாசத்துல தடுப்புச் சுவர் கட்டணும். நான் கையெழுத்துப் போட்டதும் பதிவேடு திருத்தினதா ஆகும். இப்ப மணி ஒண்ணு. நாலு மணிக்கு உத்தரவுல கையெழுத்துப் போடுவேன். அதுக்கு முன்னால போட மாட்டேன். அதுக்கு மேல தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் இல்ல." பிறகு தெக்லாவைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க கெளம்புங்கம்மா."

தனிஸ்லாஸிடம் செல்போன் கிடையாது. லாட்ஜின் முன்னறையில் இருக்கும் போன் அடித்தால் அவருக்குக் கேட்கும். ஆனால் தனக்கு வந்த அழைப்பல்ல என்று எடுக்கமாட்டார். தெக்லா ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தாள். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அவள் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவள் "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டாள். "அந்த மாதிரிதான்" என்றாள் தெக்லா.

லாட்ஜுக்கு வந்தபோது மணி மூன்றே கால். சாக்கட்டிக் கோட்டின்மேல் நடந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"வாங்க. இன்னிக்கு டீ சீக்கிரமா?"

"நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுருவாங்க சார். எந்திரிங்க."

தனிஸ்லாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டாம் நம்பர்லேருந்து என்ன தெரியும்?"

"ரோடு தெரியும். பஸ் ஸ்டாப் தெரியும்."

"முப்பது வருஷம் நான் கிரேன்ல உக்காந்திருந்தேன் தெக்லாம்மா. கால் கீழ மண்ணே இருந்ததில்ல. பயந்ததும் இல்ல. இப்ப வயசான காலத்துல பஸ் ஸ்டாப்பப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

"நீங்க கிரேன்ல இருந்தப்ப கீழ யாராவது அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தாங்களா?"

"இல்ல. யாரு பாக்கப் போறா?"

"இங்க நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஒரு கப்பல் தூரத்தில் ஊதியது. எந்தக் கப்பலென்று அவர் சொல்லவில்லை. மேஜையிலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஜன்னலும் வரணும்" என்றார்.

தெக்லா கடப்பாரை எடுத்துவரப் போனாள்.

ஜன்னலைச் சட்டமும் கம்பியுமாகப் பெயர்த்தெடுக்க இருபது நிமிஷமாயிற்று. தேக்குமரம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கோட்டின்மேல் பக்கவாட்டில் நடந்து, ஐந்தாம் நம்பர் வாசலைத் தாண்டி, நாலாம் நம்பர் வாசலில் கொண்டுவந்து சாத்தினார்கள். பிறகு டிரங்குப் பெட்டி. பிறகு கட்டில். மணி நாலாக நாலு நிமிஷம் இருந்தது.

"ஃபேன் சுத்துது" என்று சொல்லிவிட்டுத் தெக்லா திரும்பி ஓடினாள்.

"தெக்லா!" என்று கத்தினார் தனிஸ்லாஸ். ஒன்பது வருஷத்தில் அவர் அவளை 'அம்மா' சேர்க்காமல் கூப்பிட்டது அப்போதுதான். அவள் ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, நாதாங்கி போட்டுவிட்டு நடந்து வந்தாள். அவர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து நாலாம் நம்பர் வாசலுக்குள் இழுத்துக்கொண்டார். இழுத்த கையை விடவில்லை.

நாலு மணிக்கு நீதிபதி அம்மா கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மூன்று அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியிலிருந்து, அவசரமில்லாமல் இறங்கின. கதவுகள் சாத்தியபடியே இருந்தன. கொல்லையில் நின்றிருந்த கோழிகள் இரண்டடி கீழே போய், சிறகடித்துப் பறந்து வந்து நாலாம் நம்பர் கூரையில் உட்கார்ந்தன. கீழே தண்ணீர் சத்தம் கேட்டது. அப்புறம் வழக்கமான அலைச் சத்தம்.

"ஏழாம் நம்பர் சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார் தனிஸ்லாஸ்.

"இருக்கட்டும்" என்றாள் தெக்லா.

அடுத்த வாரம் பேரூராட்சி ஆட்கள் சுவர் கட்ட வந்தார்கள். அடியில் நிற்க இடமில்லாததால் மேலிருந்து கீழாகக் கட்டிக்கொண்டு போனார்கள். செயல் அலுவலர் இரண்டு முறை நேரில் வந்து பார்த்தார். புதுப் பதிவேட்டில் வேப்பிலை வைத்திருப்பதாகச் சொன்னார்.

ரெண்டாம் நம்பர் அறையில் பஸ் ஸ்டாப் தெரிகிற பக்கச் சுவரை இடித்துக் கொத்தனார் ஜன்னலைப் பொருத்தினார். பூச்சு காயும்வரை தெக்லா அதன்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தாள். மூன்றாம் நாள் சாக்கை எடுத்தார்கள். ஜன்னலில் ரோடு இல்லை, கடல் இருந்தது. தனிஸ்லாஸ் கட்டிலை அதன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாலு காலும் தரையில் பதிந்தன. ஐந்து மணிக்குத் தெக்லா இரண்டு டம்ளர் டீயோடு வந்து கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து சத்தம் வருவதற்கு முன்பே திறந்துகொண்டு போனாள்.

மறுநாள் காலை அவள் முன்னறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, முழங்கால்வரை வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சாலையிலிருந்து உள்ளே வந்தார். அவருடைய கால்கள் ஈரமாக இருந்தன. வாசலுக்கு வெளியே, ரெண்டாம் நம்பர் ஜன்னலுக்கு நேராகச் சாலையில் நின்ற கடல் தண்ணீரில், ஒரு விசைப்படகு லேசாக ஆடிக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

"ரூம் இருக்குமாம்மா? ஆறு பேரு."

"மூணாம் நம்பரும் நாலாம் நம்பரும் இருக்கு."

"படகை எங்க கட்டட்டும்?"

தெக்லா வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கம்பத்துல கட்டுங்க" என்றாள். "எட்டே கால் வண்டி வந்தா மட்டும் கொஞ்சம் அவுத்து விட்டுருங்க." சாவிகளை எடுத்துக்கொண்டு, போர்வை உதற உள்ளே போனாள்.