மேலாக மொண்ட எண்ணெய்

தேயிலையில் மாதிரி எடுப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். றொசல்லவுக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சலிப்பு அறை என் பொறுப்பு. ஒரே நாளில் காய்ந்த தூள்கூட ஒன்றுபோல இருக்காது. காலைக் கொழுந்து ஒரு நிறம் கொடுக்கும், மழையில் நனைந்த மாலைக் கொழுந்து வேறொரு நிறம். கொட்டி வைத்தால் கனமானது அடியில் தங்கும், லேசானது மேலே நிற்கும். அதனால் எல்லாவற்றையும் பலகைத் தரையில் பரப்பி, நாலு பேராகப் புரட்டிப் புரட்டிக் கலந்த பிறகே கொழும்புக்குப் போகும் மாதிரி டப்பாவை நிரப்புவேன். கலக்காமல் மேலாக அள்ளினால் அந்த டப்பா பொய் சொல்லும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் செல்லசாமி அண்ணனின் எண்ணெயை எடுத்து அனுப்பினேன்.

அவர் எங்கள் எஞ்சின் டிரைவர். ஸ்டோரில் ஓடும் அத்தனை உருளைகளும் காற்றாடிகளும் அவருடைய ஒரே குரூட் ஓயில் எஞ்சினைத்தான் நம்பி இருந்தன. எண்ணெய் பீப்பாயில் வரும். பீப்பாய் வந்ததும் இரண்டு நாள் அசையாமல் நிறுத்திவைப்பார். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். எங்காவது மழையில் நின்ற பீப்பாயில் தண்ணீர் இறங்கியிருந்தால் அது மெல்ல அடிக்குப் போய்விடும். பிறகு கைப்பம்பின் குழாயை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, மேலே இருக்கும் தெளிந்த எண்ணெயை மட்டும் எடுத்து, துணியில் வடித்துத் தொட்டியில் ஊற்றுவார். அடியில் மிஞ்சுவது குப்பைக்குழிக்கு.

"என்ன அண்ணே, கொழந்தைக்குப் பால் வடிக்கிற மாதிரி வடிக்கிறீங்க," என்பேன்.

"வேதக்காரரே, ஒங்க சாமியார் பூசையில திராட்ச ரசத்தை வடிக்கலியா? இது எம் பூசை," என்பார்.

ஐம்பத்தாறாம் ஆண்டு சித்திரையில் கொழுந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. எஞ்சின் ஓய்வில்லாமல் ஓடியது, எண்ணெய் தீர்ந்துபோனது. புதுப் பீப்பாய் வண்டியில் குலுங்கிக்கொண்டு வந்து இறங்கிய அன்றே அதை ஊற்றச் சொல்லி உத்தரவு. "ஒரு நாளாவது நிக்கட்டும் ஐயா," என்று செல்லசாமி அண்ணன் கேட்டார். மேல்மாடியில் வாட்டிய கொழுந்து காத்துக்கிடந்தது. யாரும் கேட்கவில்லை.

பாதிப் பீப்பாய் ஊற்றி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எஞ்சின் இருமியது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தது. பிறகு எஞ்சினின் எண்ணெய்ப் பம்பு இறுகி எல்லாம் நின்றது. மாற்றுச் சாமான் கொழும்பிலிருந்து வர பதினொரு நாள். அத்தனை நாள் கொழுந்தும் புளித்துக் குழிக்குப் போனது.

எஞ்சினைக் கவனிக்காமல் தூங்கிவிட்டான் என்றார் தோட்டத்து மேலாளரான தொரை.

"தண்ணிங்க தொரை. எங் காதால கேட்டேன். சந்தேகமா இருந்தா மிச்ச எண்ணெயைக் கொழும்புக்கு அனுப்பிப் பாருங்க," என்றார் செல்லசாமி அண்ணன்.

தொரை சம்மதித்தார். எண்ணெயில் தண்ணீர் இருந்தால் வேலை உண்டு. இல்லையென்றால் பற்றுச்சீட்டு. அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

பாதிப் பீப்பாயை அறையில் வைத்துப் பூட்டினார்கள். செல்லசாமி அண்ணன் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று கட்டளை. ஆறாம் நாள்தான் ஆபீஸ் கிளாக்கரையா சாவியோடு என்னிடம் வந்தார்.

"பத்திநாதா, தேயிலை சாம்பிள் நீதானே அனுப்புற? இதையும் எடுத்துரு."

எனக்கு உள்ளூர சந்தோஷம். வேறு யார் கையிலும் போகாமல் என் கைக்கு வந்ததே. நேரே லயத்துக்குப் போய் செல்லசாமி அண்ணனின் மனைவி நாகலெட்சுமி மதினியிடம் ஒரு சுத்தமான துணி கேட்டேன். நல்லதண்ணி ஊர் வழியாக மலைக்கு யாத்திரை போகையில் அண்ணன் கட்டும் வெள்ளை வேட்டியை எடுத்து, ஒரு ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

"நல்லா எடுத்து அனுப்புங்க தம்பி. கொழும்புல பாக்குறவங்க நம்மள அசிங்கமா நெனைக்கக்கூடாது."

போத்தலைக் கொதிநீரில் கழுவி, தேயிலை காய்கிற அடுப்பின் அருகே ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தினேன். பீப்பாயை அசைக்காமல் மூடியைத் திறந்தேன். மேலே கறுப்பாக, தெளிவாக நின்ற எண்ணெயை அகப்பையால் மொண்டு அந்தத் துணியில் வடித்தேன். அண்ணன் எஞ்சினுக்கு எப்படி எடுப்பாரோ அப்படியே எடுத்தேன். வடித்து முடித்தபோது துணியில் கறுப்புச் சேறும் சில நீர்த்துளிகளும் நின்றன. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. என் கையிலிருந்து சொட்டியது என்று நினைத்தேன். துணியை மதினியிடமே திருப்பிக் கொடுத்தேன். பீலியடியில் கொட்டும் தண்ணீரில் சவுக்காரம் போட்டு அலசினார்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. எண்ணெய் சுத்தமானது, தண்ணீர் இல்லை.

செல்லசாமி அண்ணன் அந்த வரியைக் கிளாக்கரையாவை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டார். அந்த வாரமே உடப்புசல்லாவைப் பக்கம், மதினியின் தம்பி இருந்த தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். மீதி எண்ணெயை ஸ்டோரில் விளக்குக்கும் இரும்பில் துருப்பிடிக்காமல் பூசவும் எடுத்துத் தீர்த்தார்கள்.

எட்டு மாதம் கழித்து வேறொரு பீப்பாயைப் பரிசோதிக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். முதலில் பீப்பாயைச் சாய்த்து, கால் மணி நேரம் முன்னும் பின்னும் உருட்டச் சொன்னார். பிறகு நீளமான கண்ணாடிக் குழாயை அடிவரை இறக்கி, மேல் நுனியைப் பெருவிரலால் அடைத்துத் தூக்கினார். மேல், நடு, அடி மூன்றும் ஒரே குழாயில் வந்தன. அப்படியே நிறுத்திவைத்ததும், அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கலங்கலாகப் படிந்தது.

"வடிக்கலீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வடிச்சா என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? எஞ்சினுக்குச் சுத்தமா கொடுக்கணும். எங்களுக்கு உள்ளபடி கொடுக்கணும்."

நான் அன்று எடுத்த மாதிரி தப்பு என்று தொரையிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பழைய பீப்பாயே இல்லாதபோது பேச்சு எதற்கு என்றார்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகாமல் உடப்புசல்லாவைக்கு பஸ் ஏறினேன். செல்லசாமி அண்ணன் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி பிடித்துப் பழகாத கை, விரல் சந்தெல்லாம் வெடித்திருந்தது. கான் ஓரத்தில் உட்கார்ந்து, உருட்டியது, குழாய், துணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மண்வெட்டியைக் கான் ஓரத்தில் சாய்த்து வைத்தார்.

"அப்ப தண்ணிதானா?"

"தண்ணிதான் அண்ணே."

"கடுதாசி வந்த நாளா எங் காதையே நான் நம்பல, பத்தி. கண்ணசந்துட்டேன் போல, எதையோ பாக்காம விட்டுட்டேன் போலன்னு நானே நெனைச்சுக்கிட்டேன். இங்கயும் ஸ்டோர்ல எஞ்சினுக்கு ஆள் கேட்டாங்க. பயந்துக்கிட்டு போகல. இப்ப ஆள் போட்டுட்டாங்க."

அவர் என் தோளில் கை வைக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மதினி தூக்குச்சட்டியில் தேத்தண்ணி கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வருவது தெரிந்தது. அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட எண்ணெயைச் சொல்லு. துணியை மட்டும் சொல்லாத. அதுல நின்ன தண்ணிய அலசினது அவ கையி."

மதினி வந்து, சிரட்டையில் ஊற்றி முதலில் எனக்குக் கொடுத்தார். "அப்படி என்ன பேச்சு ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார்.

"பழைய எஞ்சினைப் பத்தித்தான்," என்றார் அண்ணன்.