இறந்துவிட்டேன் என்றால் சரியல்ல

நான் அரசு வழக்கறிஞர். கொலை, கொள்ளை வழக்குகளில் அரசுத் தரப்பில் பேசுவது என் வேலை. என் சாட்சி பல்டி அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கும். நாற்காலியின் கால்கள் ஒரு முழம் வளரும்.

பல்டி என்றால் பல்டியேதான். சாட்சி கூண்டில் ஏறுவார், சத்தியம் செய்வார், தலைகீழாக ஒரு குட்டிக்கரணம் போடுவார். நிமிர்ந்த பிறகு அவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். இப்படியே வளர்ந்து இப்போது மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் பெருமைப்படுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

மாசிலாமணி கொலை வழக்கில் ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம். அது மாசிலாமணி. கல்குவாரி லாரிகள்மேல் புகார் கொடுத்ததற்காகக் குவாரி முதலாளி அவரைக் குத்திக் கொன்றார். கத்தி இன்னும் முதுகில் இருந்தது. அதனால் சாயாமல் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார்.

தலைக்கு மேலே வெள்ளம் போனவருக்குச் சாண் என்ன, முழம் என்ன. இவராவது பல்டி அடிக்க மாட்டார் என்று நம்பினேன். ஒரு வழக்காவது ஜெயிக்க வேண்டும். உத்தியோகம் போனாலும் பரவாயில்லை, என் கால் ஒருமுறை தரையில் படட்டும் என்று ஏங்கினேன்.

"உங்களக் குத்தினது யாரு?" என்று மேலேயிருந்து கேட்டேன்.

மாசிலாமணி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி பல்டி அடித்தார். கத்தி கழன்று கீழே விழுந்தது. கோர்ட்டு சேவகர் டவாலி அதை எடுத்துத் துடைத்து முதலாளியிடம் கொடுத்தார்.

"என்னை யாரும் குத்தலைங்க."

பிறழ் சாட்சி என்று அறிவித்தார்கள். இனி என் சாட்சியை நானே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அதுதான் நடைமுறை.

"நீங்க செத்துட்டீங்க. அதை மறைச்சுப் பொய் சொல்றீங்க."

"இல்லைங்க."

சாட்சியின் மறுப்பை நீதிபதி கோர்ட்டுத் தமிழில் தட்டச்சரிடம் சொன்னார்: "நான் இறந்துவிட்டேன் என்றால் சரியல்ல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ், உங்களைத்தான் கொன்னாச்சே! இன்னும் என்னய்யா பயம்?"

"எனக்கில்லைங்க சார். எம்பொண்ணு குவாரி ரோட்டுலதான பள்ளிக்கூடம் போவுது."

இந்தப் பதில் பதிவாகவில்லை. வழக்குக்குச் சம்பந்தமில்லையாம்.

முதலாளி விடுதலையானார். மாசிலாமணி எல்லோரையும் கும்பிட்டுவிட்டுச் சுடுகாட்டுக்குத் திரும்பினார். என் நாற்காலி கூரையைப் பிய்த்துக்கொண்டு வளர்ந்தது.

மாசிலாமணியின் மனைவி பவுனு வாசலில் நின்று அண்ணாந்து கத்தினாள்.

"சார்! அவரு சாவலைன்னு கோர்ட்டே சொல்லிருச்சே. அப்ப சாப்பாட்டுக்கு வந்துருவாரா?"

இல்லையம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன வாய், உத்தியோகத்துக்குப் பழகிவிட்டது.

"வர மாட்டார் என்றால் சரியல்ல."

அவள் முகம் மலர்ந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

இவ்வளவு உயரத்திலிருந்து அவள் வீடு நன்றாகத் தெரிகிறது. உலை கொதிக்கிறது. மூன்று தட்டுகளைக் கழுவி வைத்திருக்கிறாள். அப்பா வருகிறாரா என்று பார்க்க மகளை அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண் குவாரி ரோட்டின் நடுவில் நின்று சுடுகாட்டுப் பக்கமே பார்க்கிறாள். பின்னால் லாரிகள் வருகின்றன. முதல் லாரியை முதலாளியே ஓட்டுகிறார்.

நான் கத்துகிறேன். அங்கே கேட்கவில்லை. இதைப் பார்ப்பதற்கு என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

என் தலை தானாகக் குனிகிறது. கால்கள் மேலே எழும்புகின்றன.